புகை விடாத லாரியும் திம்பம் ஏற்றமும்

என்னிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டு ஆறு சக்கர லாரி. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உண்டு, டீசல் பம்ப்போ மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத பழைய வகை. சமதளத்தில் ஒரு குறையும் காட்டாத இந்த வண்டி, சத்தியமங்கலம் அருகே பண்ணாரியிலிருந்து லோடுடன் திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது மட்டும், 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதில் வேகம் குறைந்தாலும் இழுவை செத்து, இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கத் தொடங்கியது.

டீசல் ஃபில்டரையும் ஏர் கிளீனரையும் மாற்றினேன். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களில் சோப்புநீர் தடவிப் பார்த்ததில் கசிவு இல்லை. பிறகு ஒரு பம்ப் கடையில் டீசல் அளவைக் கூட்டும் திருகை ஏற்றிக் கொடுத்தார்கள். இழுவை சற்றுக் கூடியது உண்மைதான். ஆனால் டர்போ வேகம் பிடிப்பதற்கு முன்பே வளைவுக்கு வளைவு கரும்புகை கக்கியது, லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி நாலுக்கும் கீழே இறங்கியது. திருகைப் பழைய இடத்துக்கே இறக்கச் சொன்னேன்.

அதற்கு முன்பு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் என் லாரி புகையே விட்டதில்லை. பம்ப் அருமையாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். துப்பு அதில்தான் இருந்தது. காற்று போதாவிட்டால் கரும்புகை வரும். புகையே இல்லாமல் இழுவை குறைகிறது என்றால் முதலில் டீசல் வரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வகைப் பம்ப்பின் தலையில் ஒரு ரப்பர் டயாபிராம், அதாவது மெல்லிய சவ்வு, உண்டு. இன்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வரும் டர்போ காற்று அதை அழுத்தும்போதுதான், பம்ப் தன் முழு அளவு டீசலை விடும். அந்தக் குழாயைக் கழற்றி, மானி பொருத்திய கைப்பம்ப்பால் மெதுவாக அழுத்தம் கொடுத்தோம். முள் ஏறிய வேகத்திலேயே இறங்கியது. டயாபிராம் கிழிந்திருந்தது. டர்போ வேலை செய்தும் அந்தச் செய்தி பம்ப்புக்கு எட்டவில்லை. சமதளத்தில் முழு டீசல் தேவைப்படாததால், குறை மலையில் மட்டும் வெளிப்பட்டிருக்கிறது.

டயாபிராமை மாற்றி, பம்ப்பைச் சோதனை மேடையில் ஏற்றி அளவு சரிபார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திம்பத்தில் மீண்டும் இரண்டாவது கியரே போதுமாக இருக்கிறது, மைலேஜும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 1200 சுற்றுக்குக் கீழே விட்டால் இன்றும் தடுமாறும். அது இந்த இன்ஜினின் இயல்பு, கியரை முன்கூட்டியே இறக்குவதைத் தவிர வழியில்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த மெல்லிய குழாயையும் விரலால் வளைத்துப் பார்த்துவிடுகிறேன். சென்ற முறை ஒரு முனை விறைத்து வெடிப்பு விட்டிருந்தது, அன்றே மாற்றினேன்.