எலிக்ஸிர்: லூப்பும் ரிட்டர்னும் இல்லாமல் சில வருடங்கள்

பைத்தானில் பழகியவர்களுக்கு எலிக்ஸிர் என்ற நிரல்மொழி முதல் வாரம் எரிச்சலைத்தான் தரும். திரும்பத் திரும்பச் சுற்ற வைக்கும் வைல் கிடையாது, விடையைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் கிடையாது. ஃபார் உண்டு, ஆனால் சுற்றி முடித்ததும் ஒரு பட்டியலைத் திருப்பித் தரும் வேறு ரகம் அது. சில வருடங்களாகச் சின்னச் சின்ன வேலைகளுக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். புதியவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பது, அக்கா மகன் படிக்க ஆரம்பித்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

நான் அதிகம் ஓட்டுவது அணைக் கணக்கு. எங்களுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஜூன் பிறந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பதே வீட்டுப் பேச்சு. பேப்பரில் வரும் பாபநாசம் (உச்சமட்டம் 143 அடி), மணிமுத்தாறு (118 அடி) நீர்மட்டங்களை ஒரு கோப்பில் ஏற்றி வருகிறேன். அதை வைத்துச் சராசரி போட அக்கா மகனிடம் சொன்னேன். அவன் 'மொத்தம்' என்று ஒன்றைப் பூஜ்யமாக வைத்து, பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றும் ஈனம்.ஈச் (Enum.each) உள்ளே ஒவ்வொரு நாள் அளவையும் அதில் கூட்டினான்.

“மாமா, எத்தன தடவ ஓட்டினாலும் பூஜ்யந்தான் வருது.”

“ஏல, மஞ்சள்ல என்னமோ எழுதிருக்கே, அதப் படிச்சியா?”

உள்ளே இருக்கும் 'மொத்தம்' எங்குமே பயன்படவில்லை என்று எச்சரிக்கை வந்திருந்தது. உள்ளே இருப்பது புதுப் பெயர். அந்தச் சுற்றோடு போய்விடும். வெளியே உள்ளதை அது தொடாது. ஈச் கடைசியில் தருவதும் வெறும் ஓகே. இந்த இடத்துக்கு, பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் ரிட்யூஸ்தான் (Enum.reduce) சரி. 80, 82, 85 என்று மூன்று நாள் அளவு இருந்தால், பூஜ்யத்தில் தொடங்கி முதல் சுற்று 80-ஐத் தரும். அந்த 80 அடுத்த சுற்றுக்குள் போய் 162 ஆகும். அது அதற்கடுத்து 247. ஃபங்ஷன் எதைத் திருப்பித் தருகிறதோ அதுதான் அடுத்த சுற்றுக்குள் போகும். இது பிடிபட்டால் பாதி மொழி கைக்கு வந்த மாதிரி. (பைத்தானின் ரிட்யூஸில் சேர்த்து வைத்தது முதலில், புது உருப்படி அப்புறம். இங்கே தலைகீழ். இரண்டு மொழியிலும் வேலை செய்பவர்களுக்கு இது தீராத தொல்லை.)

ரிட்டர்ன் இல்லாததற்குப் பழகத்தான் அதிக நாள் பிடிக்கும். ஃபங்ஷனில் கடைசியாக ஓடியது எதுவோ, அதன் மதிப்பே விடை. மட்டம் 100 அடிக்கு மேல் இருந்தால் ஒரு செய்தி என்று இஃப் எழுதி, எல்ஸ் எழுதாமல் விட்டால், 90 அடிக்கு nil, அதாவது 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு வரும். பிழை அங்கே காட்டாது, வேறெங்கோ போய் வெடிக்கும். இன்னொன்று: சோதனைக்காகக் கடைசி வரியில், திரையில் அச்சடிக்கும் ஐஓ.புட்ஸ் போட்டால், ஃபங்ஷனின் விடையே ஓகே ஆகிவிடும். ஐஓ.இன்ஸ்பெக்ட் அப்படியல்ல, அச்சடித்துவிட்டு, கொடுத்த மதிப்பை அப்படியே திருப்பித் தரும். எந்த வரிக்கு நடுவிலும் செருகலாம். புதியவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பிடிக்காததும் உண்டு. 100 அடியைத் தாண்டிய முதல் நாளைக் கண்டுபிடிக்க ஈனம்.ஃபைண்ட் போதும். ஆனால் கூட்டிக்கொண்டே போய் நடுவில் நிறுத்த ரிட்யூஸ்_வைல் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தொடர், நிறுத்து என்று மதிப்போடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பைத்தானில் ஒரு பிரேக் போதும். அதே சமயம், ஃபங்ஷன் தன்னையே அழைப்பது இங்கே பயமில்லாத வேலை. அந்த அழைப்பு கடைசி வேலையாக இருந்தால், லட்சம் தடவை போனாலும் ஸ்டாக் (முடியாத அழைப்புகளைக் குறித்து வைக்கும் நினைவிடம்) வளராது. பைத்தான் வழக்கமாக 1000 ஆழத்திலேயே நிறுத்திவிடும்.

விண்டோஸில், எலிக்ஸிர் ஓட அடித்தளமான எர்லாங்கையும் எலிக்ஸிரையும் தனித்தனியாகப் போட்டால் பதிப்புப் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ள மட்டும் என்றால் நோட்டுப் போல எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் லைவ்புக் டெஸ்க்டாப்பை இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அக்கா மகன் அதில்தான் ஓட்டுகிறான், அதுவும் 'நீர்மட்டம்', 'நேற்று' என்று மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்து. எலிக்ஸிர் 1.5 பதிப்பிலிருந்தே அதற்கு அனுமதி உண்டு.