லினக்ஸில் ஷேர் ஃபோல்டரும் சாஃப்ட்வேர் நிறுவலும்: சில வருடம் புழங்கியபின்

எங்களுடையது சின்ன டிடிபி வேலை. அழைப்பிதழ், விழா மலர், நோட்டீஸ். லினக்ஸ் மின்ட் போட்ட கணினிகள் இரண்டு, டேலிக்காக விட்டுவைத்த விண்டோஸ் கணினி ஒன்று, மூலையில் டெபியன் ஓடும் பழைய பெட்டி ஒன்று. கோப்புகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான், அதுதான் எங்கள் சர்வர். மற்றவை நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளும். சில வருடங்களாக இப்படியே ஓடுகிறது.

லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் என்னிடம் ஷேரிங் பற்றி ஒரு கேள்வியும், சாஃப்ட்வேரை லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுக்கும் ஆப்ட்டில் நிறுவுவதா, எந்த லினக்ஸிலும் ஓடும் தனிப் பொதியான ஃப்ளாட்பேக்கில் நிறுவுவதா என்று வேறொரு கேள்வியும் கேட்பார்கள். எதில் நிறுவுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஷேரில் உள்ள கோப்பு அந்தச் சாஃப்ட்வேருக்குத் தெரியுமா தெரியாதா என்பது இருக்கிறது. இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

முதலில் சாம்பா. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுத ஆரம்பித்தது. கோப்புகளைப் பகிர விண்டோஸ் பேசும் எஸ்எம்பி மொழியை லினக்ஸுக்கும் பேசக் கற்றுக்கொடுத்தது. மின்ட்டில் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்தாலே ஷேர் செய்ய வழி இருக்கிறது. ஆனாலும் பலர் பாஸ்வேர்டில் மாட்டிக்கொள்கிறார்கள். லினக்ஸில் லாகின் செய்யும் பாஸ்வேர்டு சாம்பாவுக்குத் தெரியாது. விண்டோஸ் எதிர்பார்க்கும் வடிவில் தனியாக ஒன்றை அது வைத்திருக்கும், அதற்கென்று உள்ள கட்டளையில் அதே பயனருக்கு இன்னொரு முறை பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும்.

பாஸ்வேர்டே இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்ற யோசனை இனி வேண்டாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோவில், டிஜிட்டல் கையொப்பமில்லாத எஸ்எம்பி இணைப்பை இயல்பாக ஏற்பதில்லை. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பில் கையொப்பமிட வழியே கிடையாது. எங்கள் டேலி கணினி அந்த அப்டேட் வந்த அன்றே திறந்த ஷேரைக் கைவிட்டது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்த பிறகு ஒரு சிக்கலும் இல்லை.

‘நெட்வொர்க்’ ஐகானைத் திறந்தால் எல்லாக் கணினிகளும் வரிசையாகத் தெரியும் என்பதும் பழைய கதை. அந்தப் பட்டியல் எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 காலத்து ஏற்பாடு. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற நச்சு நிரல் பரவியது அந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். 2019-இல் வந்த சாம்பா 4.11 அதை இயல்பாகவே மூடிவிட்டது. பட்டியலில் தெரியாவிட்டால் ஷேர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரவுட்டரில் சர்வருக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கி, அதை நேராகத் தட்டினால் திறக்கும். எங்கள் பழைய காப்பியருக்கு ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் போட எஸ்எம்பி1 மட்டுமே தெரியும். அதற்காகச் சாம்பாவில் ஒரு வரி சேர்த்து எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் செய்யவில்லை. காப்பியரில் கோப்பு அனுப்பும் எஃப்டிபி வசதி இருந்தது, அதுவே போதும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். எழுத்தும் அதோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘திருமண அழைப்பிதழ்’ என்ற பெயரே இடைவெளி சேர்த்து 49 பைட். விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, குறியை எண்ணும். அதன் கணக்கில் இதே பெயர் வெறும் 17. ஆக, மணமக்கள் பெயர், ஊர், தேதி, ‘கடைசித் திருத்தம்’, ‘கடைசிக்கும் கடைசி’ என்று விண்டோஸில் நீட்டி வைத்த பெயர் சர்வருக்குப் போகாது. வரும் பிழைச் செய்தியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஹோம் ஃபோல்டரை இகிரிப்ட்எஃப்எஸ் கொண்டு பூட்டியிருந்தால் எல்லை இன்னும் சுருங்கி 143 பைட் ஆகிவிடும், அதாவது 47 தமிழ்க் குறிகள். பெயரைச் சுருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி வைத்தால் விண்டோஸில் அந்தப் பெயர் அலங்கோலமாகத் தெரியும், அதையும் விட்டுவிடுங்கள்.

சரி, சாஃப்ட்வேர் விஷயம். மின்ட்டின் கோப்பு மேலாளரான நெமோவில் ஷேரைக் கிளிக் செய்து திறந்தால், அது ஜிவிஎஃப்எஸ் என்ற ஏற்பாட்டின் வழியாக, ரன் என்ற அமைப்பு ஃபோல்டருக்குள் உங்கள் பயனர் கணக்குக்கான இடத்தில் ஒளிந்து உட்காரும். ஆப்ட் மூலம் நிறுவிய சாஃப்ட்வேருக்கு அங்கே போக வழி உண்டு. ஃப்ளாட்பேக்கும் அதைப் போன்ற ஸ்னாப்பும் சாஃப்ட்வேரை ஒரு கூண்டுக்குள் வைத்து ஓட்டுகின்றன; அனுமதி இல்லாமல் அந்த இடம் கண்ணில் படாது. ஒரு கோப்பை டபுள் கிளிக் செய்தால் அந்த ஒன்றை மட்டும் ஃப்ளாட்பேக் உள்ளே விடும். பக்கத்தில் உள்ள கோப்புகள் தெரியாது. 80 பக்க மலர் திறக்கும், ஆனால் அதில் இணைத்த படங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். வீடியோ ஓடும், சப்டைட்டில் வராது. பார்த்தால் ஷேரில் கோளாறு மாதிரியே இருக்கும். சாம்பா அமைப்பைக் குடைய ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

பூட் ஆகும்போது எவற்றை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் ஷேரை எழுதி, எம்என்டி ஃபோல்டரின் கீழ் நிலையாக ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். முழுக் கோப்பமைப்புக்கு அனுமதி பெற்ற ஃப்ளாட்பேக்குகளுக்கு எம்என்டி தெரியும், ரன் தெரியாது. அனுமதி இல்லாதவற்றுக்கு ஃப்ளாட்சீல் என்ற சின்ன செயலியில் அந்த ஃபோல்டரை மட்டும் சேர்த்துவிடலாம். ஸ்னாப் என்றால் அதன் ‘ரிமூவபிள் மீடியா’ அனுமதியைக் கையால் இணைக்க வேண்டும். எஃப்எஸ்டேப் வரியில் ‘நோஃபெயில்’, ‘ஆட்டோமவுண்ட்’ இரண்டையும் சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் சர்வர் அணைந்திருக்கும் நாளில் மின்ட் பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் வரை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஷேரில் உள்ள கோப்புகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் சாஃப்ட்வேர் எல்லாம் ஆப்ட்டில். பதிப்பு கொஞ்சம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. மீட்டிங், பாட்டு, சாட் போன்றவை ஃப்ளாட்பேக்கில். அவற்றைக் கூண்டில் வைப்பது நல்லதும்கூட. மின்ட் 2020-இல் 20ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப் தானாக உள்ளே வராதபடி தடுத்துவிட்டதால் அந்தத் தலைவலி எங்களுக்குக் குறைவு. பிபிஏ என்ற வெளியார் களஞ்சியங்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். பெரிய பதிப்பு மாற்றத்தின்போது ஆப்ட் முரண்டு பிடித்தால் முதல் சந்தேகம் பிபிஏ மேல்தான் விழும்.

ஆப்ட்டை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அதையும் நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்ளலாம். சர்வரில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டுவைத்திருக்கிறேன். ஒரு கணினி இறக்கிய அப்டேட்டை இன்னொன்று சர்வரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பிராட்பேண்டு மந்தமாக இருக்கும் நாளில் இதன் அருமை தெரியும். ஃப்ளாட்பேக்குக்கு இந்த வித்தை செல்லாது. ஒவ்வொரு கணினியும் தன் பங்குக்குத் தனியாக இறக்கும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் டிரைவர் பதிப்பு மாறும்போதெல்லாம் அதற்கு ஈடாக ஃப்ளாட்பேக்கும் ஒரு துண்டை இறக்கும், பழசு அப்படியே கிடக்கலாம். பயன்படாதவற்றை நீக்கும் கட்டளையை அவ்வப்போது ஓட்டினால் வட்டில் ஜிபி கணக்கில் இடம் திரும்பக் கிடைக்கும்.

வாடிக்கையாளர் போனில் கொண்டுவரும் படத்துக்குச் சாம்பா எதற்கு? மின்ட்டோடு வரும் வார்ப்பினேட்டருக்கு ஆண்ட்ராய்டு செயலியும் இருக்கிறது, ஒரே வைஃபையில் இருந்தால் அனுப்பிவிடலாம். ஃபயர்வால் போட்டிருந்தால் 42000, 42001 போர்ட்டுகளைத் திறந்துவையுங்கள்.