சயின்ஸ் வாத்தியாருங்களுக்கு விழா எடுத்தோம்: ஷீல்டு கடை, ஹால், டிபன் பத்தி ரிவ்யூ

போன மாசம் எங்க 1996 பிளஸ் டூ செட் சேர்ந்து, எங்களுக்கு சயின்ஸ் எடுத்த ஏழு வாத்தியாருங்களுக்கு திருச்சியில ஒரு பாராட்டு விழா வச்சோம். அதுக்கு புடிச்ச ஷீல்டு கடை, மினி ஹால், கேட்டரிங் மூணையும் பத்திதான் இது. நாங்க தேடுனப்ப உருப்படியா ஒரு ரிவ்யூ கூட மாட்டல, எல்லாம் "சூப்பர் சர்வீஸ்"னு அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போயிருக்காங்க. கடை பேரு போடல, ஏன்னு போகப்போக புரியும்.

தேதி முதல்ல. செப்டம்பர் 5 வேணாம்னு நான்தான் சண்டை போட்டேன், அன்னைக்கு ஊரெல்லாம் விழா, அரசாங்கத்தோட டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது குடுக்குறதும் அன்னைக்குதான், ஹாலும் கிடைக்காது. சயின்ஸ் வாத்தியாருன்னா பிப்ரவரி 28தான, 1928ல ராமன் விளைவு வெளிய வந்த நாள், 1987ல இருந்து தேசிய அறிவியல் தினம், அதுவும் ராமன் பொறந்தது இங்க திருவானைக்காவுல. இந்த வருஷம் சனிக்கிழமையா வேற வந்துச்சு. (ராதாகிருஷ்ணனும் ராமனும் ஒரே 1888ல பொறந்து, 1954ல ராஜாஜியோட சேர்ந்து முதல் பாரத ரத்னாவும் ஒண்ணா வாங்குனவங்க. இதை வரவேற்புரையில சொல்லலாம்னு வச்சிருந்தேன், எனக்கு முன்னாடி மைக் புடிச்சவன் சொல்லிட்டான்.)

ஷீல்டு கடை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், சின்ன கடைதான், உள்ள போனா கபடி கப்புல இருந்து கட்சிக்காரங்க வெள்ளி வாள் வரைக்கும் இருக்கு. அக்ரிலிக் ஷீல்டு, கலர் பிரிண்டோட ஒண்ணு 650 ரூபா சொன்னாங்க, பேசி 580க்கு முடிச்சோம். "டிசைன் நாங்களே போட்டுருவோம் சார், சயின்ஸ் தீம்தான, நிறைய பண்ணிருக்கோம்"னாரு. அங்கதான் நான் உஷாராகியிருக்கணும்.

மூணாம் நாள் வாட்ஸப்புல புரூஃப் வந்துச்சு. முதல் கோளாறு தமிழ்ல. பழைய ஃபான்ட்டுல அடிப்பாங்க போல, "ஆசிரியர்"ல கடைசி எழுத்து ர் இல்ல, துணைக்கால் மேல புள்ளி வச்ச மாதிரி நிக்குது. சொன்னா "ரெண்டும் ஒண்ணுதான சார், பாக்குறதுக்கு வித்தியாசம் தெரியாது"ங்குறாரு. தெரியுது அண்ணே, தமிழய்யா கிட்ட அடி வாங்குனவன் எவனுக்கும் தெரியும். மாத்த சொன்னோம், மாத்துனாங்க, மாத்தும்போது "வேதியியல்"ல ஒரு "யி"யை முழுங்கிட்டாங்க. மறுபடி மாத்துனோம். இப்படி எழுத்தையே மூணு ரவுண்டு பாத்துக்கிட்டு இருந்ததுல படத்தை ஒருத்தனும் பாக்கல. பதினெட்டு பேரு இருக்குற குரூப்பு, அதுல நாலு பேரு இன்ஜினியரு, ஒருத்தி டாக்டரு!

விழா அன்னைக்கு மேடையில ஷீல்டை வாங்குன ஜூவாலஜி சார், போட்டோவுக்கு சிரிக்காம அதையே உத்து பாத்துக்கிட்டு நிக்கிறாரு. போட்டோகிராஃபர் "சார் இங்க பாருங்க"ங்குறான், அவரு கண்ணாடியை தூக்கி நெத்தியில விட்டுக்கிட்டு இன்னும் கிட்ட பாக்குறாரு. அப்புறம் மைக்கை வாங்கி, "டேய், இந்த டிஎன்ஏ இடது பக்கமா சுத்துது"ன்னாரு. ஹாலே சிரிச்சிருச்சு. நம்ம உடம்புல இருக்குற டிஎன்ஏ வலது சுத்து, அதாவது சாதாரண ஸ்க்ரூவோட மரை மாதிரி, நிமிர்த்தி வச்சு பாத்தா முன்னாடி தெரியுற இழை இடது கீழ இருந்து வலது மேல ஏறணும். ஷீல்டுல வலது கீழ இருந்து இடது மேல ஏறுது. டிசைன் போடுறவங்க படத்தை அழகுக்காக அப்படியே கண்ணாடி மாதிரி திருப்பி போட்டுருவாங்க, அவ்ளோதான் விஷயம்.

அவரு ஆரம்பிச்சு வச்சாரா, எல்லாரும் அவங்கவங்க ஷீல்டை செக் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. பிசிக்ஸ் சார் ஷீல்டுல முப்பட்டகம் நிமிந்து நிக்குது, அதுல இருந்து வர்ற வானவில்லுல ஊதா மேல, சிவப்பு கீழ. ஊதாதான் ரொம்ப வளையும், அது அடிப்பக்கம் வரணும், சிவப்பு மேல நிக்கணும், பத்தாவதுல அஞ்சு மார்க் கேள்வி! கெமிஸ்ட்ரி டீச்சர் மட்டும் ஒண்ணும் சொல்லல, அவங்களுக்கு வந்தது வெறும் கூம்புக் குடுவை, அதுல தப்பு பண்ண வழியில்ல.

மறுநாள் கடைக்கு போன் போட்டேன். "நெட்ல இப்படித்தான் சார் வருது"ன்னாரு முதல்ல. அப்புறம் ரெண்டையும் கொண்டு வாங்க, காசு வாங்காம மாத்தி தர்றேன்னு சொன்னாரு, அது நியாயம்தான். பிசிக்ஸ் சாரோடது மாறி வந்துருச்சு. ஜூவாலஜி சார் தர மாட்டேன்னுட்டாரு. "இருக்கட்டும்டா, டியூஷன் பசங்க கிட்ட காட்டி தப்பு எங்கன்னு கேக்குறேன், எவன் கண்டுபுடிக்கிறான்னு பாப்போம்."

அந்த கடைக்கு ஒரு பெரிய பிளஸ்சும் சொல்லணும். விழா அன்னைக்கு மத்தியானம்தான் எங்களுக்கு உறைச்சுது, லேப் அண்ணனை லிஸ்டுல சேக்கவே இல்ல. எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு வாயு) டெஸ்டுக்கு, கிப்ஸ் ஆப்பரேட்டஸ்னு வாயு தயாரிக்கிற கண்ணாடி சாமான்ல இரும்பு சல்பைடு துண்டு போட்டு ஆசிட் ஊத்தி, எங்களுக்கு முன்னாடி அந்த அழுகுன முட்டை நாத்தத்தை தினம் மோந்தவரு அவருதான், சால்ட்டு என்னன்னு பிராக்டிகல்ல கண் சாடையில க்ளூ குடுத்தவரும் அவருதான் (இதை மேடையில சொல்லல). ரெண்டரைக்கு போன் பண்ணோம், ரெடியா இருந்த பிளைன் ஷீல்டுல பேரை லேசர்ல வெட்டி நாலே காலுக்கு பையன்கிட்ட பைக்குல குடுத்து விட்டாரு, எக்ஸ்ட்ரா ஒரு ரூபா கேக்கல. அதுல எழுத்தும் சரியா இருந்துச்சு, படமே இல்லாததால சயின்ஸ் தப்பும் இல்ல.

ஹால். நூறு பேருக்கு தாராளம், ஏசி ஓகே, லிஃப்ட் இருக்கு, எழுபது தாண்டுன வாத்தியாருங்கள கூட்டிட்டு போறீங்கன்னா அதை முதல்ல கேளுங்க. ஆனா மேடைக்கு ஏறுற படிக்கு கைப்புடி கிடையாது, ஒவ்வொருத்தரையும் ரெண்டு பக்கம் புடிச்சு ஏத்துனோம். சவுண்டு சிஸ்டம் மட்டமோ மட்டம். மைக்கை ஆன் பண்ணுனாலே கீய்ய்ய்னு காதை கிழிக்குது, ஆபரேட்டர் தம்பி வால்யூமை ஏத்துறான் இறக்குறான், நிக்கல. கடைசில பிசிக்ஸ் சாரே எந்திரிச்சு வந்து, "தம்பி, ஸ்பீக்கர் மைக்குக்கு பின்னாடி நின்னு அது மூஞ்சிக்கே கத்துதுப்பா, அந்த சத்தம் திரும்ப மைக்குல போயி திரும்ப பெருசாகுது, ஸ்பீக்கரை முன்னாடி தள்ளு"ன்னாரு. தள்ளுனான். நின்னுருச்சு. அன்னைக்கு வாங்குன கைதட்டுல அதுதான் பெருசு, சீஃப் கெஸ்ட் பேச்சுக்கு கூட அவ்ளோ இல்ல. அவரு நாப்பது நிமிஷம் பேசுனாரு, அதைப் பத்தி வேற ஒண்ணும் எழுதுறதுக்கு இல்ல.

டிபன் பிரமாதம். ஒரு இலைக்கு 220, கேசரி, மெதுவடை, மினி சாம்பார் இட்லி, அங்கனயே ஊத்தி குடுக்குற பொடி தோசை, பில்டர் காபி. கேசரியில நெய்யை புழிஞ்சா வரும் போல. சுகர் இருக்குற வாத்தியாருங்களுக்கு தனியா கோதுமை ரவை உப்புமா வேணும்னு முதல் நாள்தான் சொன்னோம், மூஞ்சி சுளிக்காம செஞ்சாங்க, ஆனா அந்த உப்புமாவை ஒரு வாத்தியாரும் தொடல, எல்லாரும் கேசரியிலதான் இருந்தாங்க. நம்பர் வேணும்னா கேளுங்க, தர்றேன்.

பொன்னாடை மட்டும் வாங்காதீங்க. கெமிஸ்ட்ரி டீச்சர் வீட்டுல வாஷிங் மெஷின், மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் பொன்னாடைதான் கவர், அவங்களே சொன்னாங்க. நாங்க சென்னிமலை கைத்தறி பெட்ஷீட் வாங்குனோம், ஷீல்டை விட அதைத்தான் எல்லாரும் தடவி தடவி பாத்தாங்க.

என்னோட மார்க்: டிபனுக்கு அஞ்சு, ஷீல்டு கடைக்கு மூணு, ஹாலுக்கு ரெண்டு. ஷீல்டு ஆர்டர் குடுக்கும்போது பத்து நாள் டைம் வச்சுக்கோங்க, புரூஃப் வந்ததும் குரூப்புல போடாதீங்க, இப்ப பிளஸ் டூ படிக்கிற புள்ள யாராச்சும் வீட்டுல இருந்தா அதுகிட்ட காட்டுங்க.