பாசிமணி வேலை: தறியா, இரட்டை ஊசியா?

கனடாவில் பூர்வகுடியினரின் பாசிமணி வேலையைப் புதிதாகக் கற்க வருபவருக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. தறியில் நெய்யலாம், செங்கல் அடுக்குபோல மணிகளை அடுக்கும் 'பிரிக்' தையலில் காதணி கோக்கலாம், துணிமேல் இரண்டு ஊசிகளால் பதிக்கலாம். மேட்டீ என்பவர்கள் பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சாவளியில் வந்த மக்கள். வினிப்பெக் நகரில் ஒரு மேட்டீ பாட்டி நடத்தும், கூடி உட்கார்ந்து மணி கோக்கும் வட்டத்தில் மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் இரட்டை ஊசியோடு தங்கிவிட்டவள் நான். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. 11ஆம் எண் அளவுள்ள பொடி மணி, மெல்லிய ஊசி, நைலான் நூல், அதில் தேய்க்கக் கொஞ்சம் தேன்மெழுகு. தறிக்கு ஒரு மரச்சட்டம் கூடுதல், அவ்வளவுதான்.

சீக்கிரம் ஒன்றைச் செய்து முடித்துக் காதில் மாட்ட வேண்டுமென்றால் பிரிக் தையல்தான். கீழ்வரிசை நூலில் அடுத்த மணியைக் கோத்துக்கொண்டே போனால் முக்கோணம் தானாகவே குறுகி வரும். தொங்கட்டான் வைத்த பெரிய காதணிகள் நான் அதிகம் செய்ததில்லை. அவை எத்தனை வருடம் தாங்கும் என்பதை அனுபவசாலிகளிடம்தான் கேட்க வேண்டும்.

தறிவேலை பார்க்கப் பிரமாதமாக இருக்கும், நேர்கோடும் சதுரமும் அச்சுப்போல விழும். ஆனால் மணிகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். செக் நாட்டு மணிகளில் ஒன்று தடிப்பு, ஒன்று ஒல்லி. பொறுக்காமல் கோத்தால் பட்டை நெளியும். அதனால் பலர் விலை கூடிய ஜப்பானிய 'டெலிகா' மணிகளுக்குப் போகிறார்கள், அவை ஒரே அளவாக இருக்கும். கடைசியில் பாவு நூல்களின் முனைகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இரட்டை ஊசியில் அந்த ஒல்லி மணிகளே கைகொடுக்கும், வளைவில் அவற்றைத்தான் தேடி எடுப்போம். ஃபெல்ட் துணியில் பூவை வரைந்துகொள்கிறோம். முதல் ஊசி மணிகளைக் கோத்துக் கோட்டின்மேல் கிடத்தும். இரண்டாவது ஊசி அடியிலிருந்து ஏறி, இரண்டிரண்டு மணிகளுக்கு ஒருமுறை அந்த நூலைத் துணியோடு பிடித்துக் கட்டும். முதலில் இதழின் ஓரம், பிறகு உள்ளே வரிசை வரிசையாக. ஆரி வேலை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும், ஆனால் கொக்கி ஊசியும் கிடையாது, சட்டமும் கிடையாது. பூவேலைக்கே பெயர்போன மேட்டீ மக்களின் கையில் இது எங்கே போய் நிற்கும் என்பதை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய மேலங்கியைப் பார்த்தால் தெரியும்.

எனக்கு முடிவைத் தந்தது அழகு அல்ல, எண்ணிக்கை. தறியில் வரிசைக்கு வரிசை நிறத்தை எண்ண வேண்டும். நடுவில் யாராவது பேசினால் கணக்கு போச்சு. இரட்டை ஊசியில் கோடு வரைந்தாயிற்று, கை அதன்படி போகும், காதும் வாயும் பேச்சுக்கு மிச்சம். ஆறுதலுக்காக வட்டத்தில் உட்காருபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து அடைத்துவைத்த, 1990கள் வரை நடந்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி அங்கே ஒருவர் பேசும்போது, மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. எல்லார் கண்ணும் ஊசியில். அதனால்தான் அவரால் பேச முடிகிறது என்று நினைக்கிறேன். அந்தக் காயம் அவர்களுடையது, நான் விருந்தாளி. பிரித்துச் செய்வதும் இரட்டை ஊசியில் எளிது: ஓர் இதழ் கோணினால் அந்த இதழை மட்டும் அவிழ்த்தால் போதும். சிலர் வேண்டுமென்றே ஒரு மணியை நிறம் மாற்றி வைப்பார்கள், படைத்தவன் ஒருவனே குறையற்றவன் என்பதற்காக.

2012இல் கலைஞர் கிறிஸ்டி பெல்கோர்ட், காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களின் நினைவாக 'மொக்கசின்' எனும் மென்தோல் காலணியின் மேற்பகுதிகளை மணிவேலையோடு செய்து அனுப்பக் கேட்டார். 1,700 ஜோடிக்கு மேல் வந்தன. முடிவுறாமல் போன வாழ்க்கைகள் என்பதால் அவை காலணியாகத் தைக்கப்படவே இல்லை.

விற்பனை எண்ணம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கனடாவிலும் வெளியாள் கடை போட்டால் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்தான். நான் செய்வது வீட்டோடு சரி. பரிசு கொடுக்க வேண்டுமென்றால் பாட்டியிடமே காசு கொடுத்து வாங்கிவிடுகிறேன்.