யூர்-லெக்ஸ்: வேலைநிறுத்த வழக்குகளைப் படிக்க எவ்வளவு உதவும்?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் சந்தைச் சுதந்திரமும் தொழிலாளர் ஒற்றுமையும் நேருக்கு நேர் மோதிய வழக்குகள் வைகிங், லவால். இரண்டுக்கும் 2007 டிசம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. இவற்றை முழுமையாக, இலவசமாகத் தருகிறது ஒன்றியத்தின் யூர்-லெக்ஸ் தளம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் பழகாமல் இறங்கினால் திணற வைக்கும்.

வழக்கின் பெயரைப் போட்டுத் தேடினால் சம்பந்தமில்லாத ஆவணங்கள் வந்து குவியும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தளம் தரும் தனி அடையாள எண்ணான செலக்ஸ் எண்ணைப் பயன்படுத்துங்கள். வைகிங்குக்கு 62005சிஜே0438 (ஆங்கில எழுத்தில் 62005CJ0438). முதலில் வரும் 6 நீதிமன்ற ஆவணத்தைக் குறிக்கும். 2005 வழக்கு பதிவான ஆண்டு. பலர் தீர்ப்பு வந்த 2007-ஐப் போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். 'சிஜே'வை 'சிசி' (CC) என்று மாற்றினால், தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குச் சுதந்திரமாக ஆலோசனை சொல்லும் அட்வகேட் ஜெனரலின் கருத்துரை கிடைக்கும். அதைத் தவறவிடவே கூடாது. இந்த நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதும் வழக்கமில்லை; வேறு எப்படி வாதிட்டிருக்கலாம் என்பது கருத்துரையில்தான் தெரியும்.

வைகிங் வழக்கில், ஹெல்சிங்கி–தாலின் இடையே ஓடிய ரோசெல்லா கப்பலை, குறைந்த கூலிக்கு மாலுமிகளை அமர்த்த, எஸ்தோனியக் கொடிக்கு (அந்நாட்டுப் பதிவுக்கு) மாற்ற நிறுவனம் முயன்றது. பின்லாந்து மாலுமிகள் சங்கம் எதிர்த்தது. தீர்ப்பின் 44-ஆம் பத்தியை நிதானமாகப் படியுங்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை என்று ஏற்கும் அதே வாக்கியம், அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்லி முடிகிறது. பின்னால் வந்த சர்ச்சைக்கெல்லாம் வித்து அங்கேதான். மூன்று மொழிகள் வரை பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும் வசதி இங்கே பெரிய உதவி.

ஒன்றிய ஒப்பந்தத்தின் பிரிவு எண்களில் ஒரு பொறி இருக்கிறது. லவால், லாட்வியா நிறுவனம் ஒன்றின் ஸ்வீடன் கட்டுமானத் தளத்தை அந்நாட்டுச் சங்கங்கள் முற்றுகையிட்ட வழக்கு; அதில் வரும் 49-ஆம் பிரிவு சேவைச் சுதந்திரம். 2009 டிசம்பர் 1-இல் லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அது 56 ஆனது. இன்றைய 49 தொழில் நிறுவும் சுதந்திரம். பழைய, புதிய எண்களின் ஒப்பீட்டு அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

லவாலில் அலசப்படும், வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர்கள் பற்றிய 96/71 வழிகாட்டு ஆணை, 2018/957 மூலம் திருத்தப்பட்டது. திருத்தங்கள் சேர்த்த வடிவம் படிக்க எளிது. ஆனால் அதில் முகவுரைப் பத்திகள் இருக்காது, அதற்குச் சட்ட வலுவும் கிடையாது. மேற்கோள் காட்ட அரசிதழ் வடிவத்துக்கே போக வேண்டும்.

பெரிய குறை, கதை லக்சம்பர்க்கோடு நின்றுவிடுவது. வைகிங் வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. லவாலில் முற்றுகை நடத்திய கட்டுமானச் சங்கமும், அதற்குத் துணைநின்ற மின்தொழிலாளர் சங்கமும் இழப்பீடு தர வேண்டும் என்று 2009-இல் ஸ்வீடன் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோழமைப் போராட்டத்துக்கு விழுந்த அந்த அடியை அறிய, ஸ்வீடன் தீர்ப்பைத் தனியே தேடிப் படித்தாக வேண்டும்.