ஆளைப் பார்த்து வரைவதா, அருவமாகத் தீட்டுவதா?

கோத்தகிரியில் ஆளைப் பார்த்து வரைவதில் முதல் சிக்கலே குளிர்தான். டீக்கடை பெஞ்சில் கம்பளிக்குள் சுருண்டிருக்கும் பெரியவரிடம் "ஐயா, பத்து நிமிஷம் அசையாம இருங்க" என்று கேட்டுவிட்டுக் கரியை எடுத்தால், மூன்றாவது நிமிஷமே டம்ளர் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறும், தோள் இறங்கும், போட்ட கோடு பொய்யாகிவிடும். அழித்து அழித்துத் திரும்பப் பார்க்கும்போதுதான் உடம்பின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிடிபடுகிறது.

அருவ ஓவியத்தில், அதாவது எதையும் அப்படியே காட்டாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டும் தீட்டுவதில், இந்தத் தொல்லை இல்லை. மஞ்சு இறங்கித் தேயிலைச் சரிவு பாதி மறைந்தால் இரண்டு பச்சை, ஒரு சாம்பல், போதும். சுலபம் என்று சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது என்று காட்ட எதிரே ஆள் இல்லையே! (என் பாதிப் படங்கள் அப்படித்தான் சேறாகிப் போயின.)

சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரே பல வருஷம் உருவங்களைத் தீட்டிய பிறகுதான் 1963 வாக்கில், எழுத்தும் குறியும் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசைக்குப் போனார். இதே மலையில் கரிக்கியூரின் பழங்காலப் பாறை ஓவியங்களிலோ மனிதரும் விலங்கும் உண்டு, இன்னதென்று புரியாத குறிகளும் உண்டு.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் ஆளையே வரையட்டும். யாரும் கிடைக்கவில்லையா, சரி, உங்கள் இடது கை இருக்கிறது, அது காசு கேட்காது.