அயர்லாந்துக் குடும்ப வரலாறு: நில மதிப்பீட்டு ஏடா, பங்கின் திருமுழுக்குப் பதிவேடா?

என் மாமியாரின் தந்தைவழிக் குடும்பம் அயர்லாந்தின் மேற்கிலுள்ள மேயோ கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் வேரைத் தேடும் பொறுப்பை நான் ஏற்றபோது எதிரே இரண்டு வழிகள் இருந்தன. பங்கு ஆலயங்களின் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள பகுதி) திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணப் பதிவேடுகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போவது ஒன்று. கவுண்டி வாரியாகத் தொகுக்கப்பட்ட நில மதிப்பீட்டு ஏடுகளில் குடும்பம் பயிரிட்ட நிலத்தைக் கண்டுபிடித்து, அந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்ப்பது மற்றொன்று. பெரும்பாலோர் முதல் வழியைத்தான் தேர்கிறார்கள். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். அயர்லாந்தின் கிராமப்புறத்தில், குறிப்பாக மேற்குக் கவுண்டிகளில், வேர் தேடும் எவருக்கும் அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

ஏன் இந்த இரண்டு வழிகள் மட்டும் என்ற கேள்வி எழலாம். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் மிகப் பெரும்பகுதியும், எண்ணற்ற உயில்களும், ஆங்கிலிக்கன் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் அந்தத் தீயில் அழிந்தன. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்னர் அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 கணக்கெடுப்புகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. ஆகவே முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டினுடையதுதான். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. நில மதிப்பீட்டு ஏடுகள் வேறு அலுவலகத்தில் இருந்ததால் தப்பின. 19ஆம் நூற்றாண்டின் சாதாரணக் குடியானவர்களைப் பற்றித் தொடர்ச்சியாகப் பேசுபவை, 1864இல் முழுமையாகத் தொடங்கிய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை விட்டால், இந்த இரண்டு மட்டுமே.

பங்குப் பதிவேடுகளின் பலம் வெளிப்படையானது. திருமுழுக்குப் பதிவில் குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர், திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் இருவரின் பெயர்கள் ஆகியவை இருக்கும். பங்குத்தந்தை அக்கறை உள்ளவராக இருந்தால் ஊர்ப் பெயரும் இருக்கும். அயர்லாந்து தேசிய நூலகம் இப்பதிவேடுகளின் நுண்படச் சுருள்களை எண்ணிமமாக்கி 2015இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. பெரும்பாலான பங்குகளுக்கு 1880 வரையிலான பக்கங்கள் அதில் கிடைக்கின்றன. அந்தத் தளத்தில் பெயரைத் தட்டித் தேட முடியாது. ஒவ்வொரு பக்கமாகப் படிக்க வேண்டும். கவுண்டி மரபியல் மையங்கள் படியெடுத்துத் தொகுத்த தரவுத்தளத்தில் கட்டணம் செலுத்தினால் பெயரைக் கொண்டு தேடலாம். இவற்றில் எது மேல் என்று நீண்ட விவாதம் தேவையில்லை: மையத்தின் தரவுத்தளத்தில் தேடிக் கண்டுபிடித்து, நூலகத்தின் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்வதே சரியான முறை. மங்கிய மையில், லத்தீனில், அவசரமாக எழுதப்பட்ட பதிவைப் படியெடுத்தவர் எப்படிப் படித்தார் என்பது மூலப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த வழியின் உண்மையான சிக்கல் வேறு. அதுவே என் தேர்வைத் தீர்மானித்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மேயோவில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் வால்ஷ் ஒன்று. என் மாமியார் குடும்பத்தின் உண்மையான பெயரைத் தவிர்த்து, இங்கே வால்ஷ் என்றே வைத்துக்கொள்கிறேன். அயர்லாந்தின் கிராமங்களில் மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரையும் இடும் வழக்கம் பரவலாக இருந்தது. மைக்கேல் வால்ஷ் என்பவருக்கு நான்கு மகன்கள் இருந்து, நால்வரும் அந்த வழக்கத்தைக் கடைப்பிடித்தால், அடுத்த தலைமுறையில் ஒரே பங்கில், ஏறத்தாழ ஒரே வயதில், நான்கு மைக்கேல் வால்ஷ்கள் நடமாடுவார்கள். அவர்களில் இருவர் பிரிட்ஜெட் அல்லது மேரி என்ற பெயருள்ள பெண்ணை மணப்பதும் மிக எளிதாக நடக்கக்கூடியது. திருமணப் பதிவேடுகள் இங்கே கைகொடுப்பதில்லை. 1840களின் பெரும்பஞ்சத்துக்கு முந்தைய பதிவுகள் பலவற்றில் மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன, பெற்றோரின் பெயர்கள் இல்லை. மேலும் திருமணம் பெரும்பாலும் மணமகளின் பங்கில் நடந்திருக்கும் என்பதால், அது எந்தப் பங்கு என்றே தெரியாமல் பக்கத்துப் பங்குகளை எல்லாம் புரட்ட வேண்டியிருக்கும்.

வயதைக் கொண்டு பிரித்தறியலாமே என்று தோன்றலாம். அதையும் நம்ப முடியாது. 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் எழுபது வயது நிரம்பியவர்களுக்கு 1909 ஜனவரி முதல் ஓய்வூதியம் வழங்கியது. அந்த வயதினர் பிறந்த காலத்தில் அரசின் பிறப்புப் பதிவே இல்லாததால் வயதுக்குச் சான்று காட்டுவது கடினமாக இருந்தது. 1901 கணக்கெடுப்பில் ஐம்பத்தெட்டு என்று சொன்னவர் 1911இல் எழுபத்திரண்டு என்று சொல்வதை மேயோவின் படிவங்களில் சாதாரணமாகக் காணலாம். இப்படி வயது சில ஆண்டுகள் முன்னும் பின்னும் ஆடும்போது, நான்கு மைக்கேல்களில் நம்மவர் எவர் என்பதைத் திருமுழுக்குத் தேதி மட்டும் சொல்லிவிடாது. தேடுபவர் தமக்கு வசதியான ஒருவரைத் தேர்ந்துகொள்வார். அதன் மேல் எழுப்பப்படும் மூன்று தலைமுறைகளும் வேறொரு குடும்பத்தினுடையவையாக முடியும். இணையத்தில் உலவும் அயர்லாந்து வம்சாவளி மரங்கள் பலவற்றில் இது நடந்திருக்கிறது.

நில ஏடுகள் மனிதரைப் பெயரால் மட்டும் அடையாளம் காட்டுவதில்லை. அவர் எந்த நிலத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. ரிச்சர்ட் கிரிஃபித்தின் தலைமையில் நடந்து 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக அச்சிடப்பட்ட மதிப்பீட்டில், ஒவ்வொரு டவுன்லேண்டிலும் நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்த குடும்பத் தலைவரின் பெயர், அவருக்குக் குத்தகைக்கு விட்டவரின் பெயர், நிலத்தின் பரப்பு, ஆண்டு மதிப்பு, வரைபட எண் ஆகியவை வரிசையாக உள்ளன. டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச்சிறிய நிலப்பிரிவு. நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கும் மேல் உள்ளன. பலவற்றில் சில குடும்பங்களே வாழ்ந்தன. பங்கு முழுவதும் நான்கு மைக்கேல்கள் இருந்தாலும், ஒரு டவுன்லேண்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இருவர் இருந்தால் மதிப்பீட்டாளர்களே பிரித்துக் காட்ட ஒரு வழி வைத்திருந்தார்கள்: பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் தந்தையின் பெயரையோ, தொழிலையோ, ஊரார் வைத்த பட்டப்பெயரையோ சேர்த்தார்கள். நான் தேடிய பக்கத்தில் ‘மைக்கேல் வால்ஷ் (பாட்ரிக்)’ என்று ஒருவரும், இரண்டு வரி தள்ளி ‘மைக்கேல் வால்ஷ் (ஜான்)’ என்று இன்னொருவரும் இருந்தார்கள். பங்குப் பதிவேட்டில் கிடைக்காத ஒரு தலைமுறை, அரசு அச்சிட்ட ஏட்டில் ஓர் அடைப்புக்குறிக்குள் கிடைத்துவிட்டது.

கிரிஃபித் மதிப்பீட்டோடு இது முடிந்திருந்தால் ஒரு நிழற்படத்தின் மதிப்புதான் இருந்திருக்கும். ஆனால் வரி வசூலுக்காக அந்த ஏடுகள் தொடர்ந்து திருத்தப்பட்டன. ரத்துசெய்யப்பட்ட ஏடுகள் என்று அழைக்கப்படும் இந்தக் கையெழுத்துப் பிரதிகளே இரு வழிகளிலும் மிக அரிய ஆவணம் என்பது என் கருத்து. குத்தகைதாரர் மாறினால் பழைய பெயரைக் கோடிட்டு அடித்துப் புதிய பெயரை மேலே எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு நிற மை பயன்பட்டதால், எந்தத் திருத்தம் எந்த ஆண்டினுடையது என்பதை நிறத்தைக் கொண்டே படிக்கலாம். எங்கள் பக்கத்தில் மைக்கேலின் பெயர் அடிக்கப்பட்டு, 1880களின் நடுவில் சிவப்பு மையில் பிரிட்ஜெட் என்று எழுதப்பட்டிருக்கிறது. பின்னர் அதுவும் அடிக்கப்பட்டு வேறு நிறத்தில் ஜான் வருகிறார். குத்தகைக்கு விட்டவருக்கான பத்தியில் நிலப்பிரபுவின் பெயர் அடிக்கப்பட்டு ‘எல்.ஏ.பி.’ என்ற முத்திரை விழுந்திருக்கிறது. நிலக் கொள்முதல் சட்டங்களின் கீழ் குத்தகைதாரர் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டதற்கான அடையாளம் அது. கணவர் இறந்து மனைவி பொறுப்பேற்றது, மகன் தலையெடுத்தது, தலைமுறைகளாகக் குத்தகை கட்டிய நிலம் சொந்தமானது என்ற மூன்று நிகழ்வுகளும் ஒரே வரியில், நிறம் மாறி மாறித் தெரிகின்றன.

இந்தச் சங்கிலியின் ஒரு முனை கிரிஃபித் மதிப்பீட்டில் இருக்கிறது. மறுமுனை 1901 கணக்கெடுப்பில் உள்ள வீட்டில் இருக்கிறது. 1901ஆம் ஆண்டின் வீட்டுப் படிவத்தில், வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதும் எழுதப்பட்டிருப்பதால் இரண்டையும் பிணைப்பது எளிது. இதன் பிறகு, பெயர் மாறிய ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு அரசின் இலவச இறப்புப் பதிவுகளில் தேடினால், நாடு முழுவதும் உள்ள மைக்கேல் வால்ஷ்களைத் துழாவ வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம்: திருத்தம் செய்ய வந்தவருக்குச் செய்தி தெரிந்த பிறகே பெயர் மாறும். ஆகவே இறப்பு அந்த ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முன்னரே நடந்திருக்கக்கூடும். தந்தையின் பெயரே மகனுக்கும் இருந்தால், பெயர் மாறாமலேயே கைமாறியும் இருக்கும்.

நில ஏடுகளின் குறைகளும் சிறியவை அல்ல. பெண்கள் பெரும்பாலும் கைம்பெண்களாகவே அவற்றில் தோன்றுகிறார்கள். குழந்தைகள் இல்லவே இல்லை. புலம்பெயர்ந்த தம்பி, தங்கைகளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பலர் நிலத்தைக் கூட்டாகப் பயிரிட்ட ரண்டேல் முறை மேயோவில் வழக்கில் இருந்ததால், சில டவுன்லேண்டுகளில் பத்துப் பெயர்கள் ஒரே எண்ணின் கீழ் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். 1891இல் அமைக்கப்பட்ட நெருக்கடிப் பகுதிகள் வாரியம் இத்தகைய நிலங்களை வாங்கி மறுபங்கீடு செய்தபோது வரைபட எண்கள் மாறின. அங்கே சங்கிலி அறுந்ததுபோல் தோன்றும், வரைபடத்தைப் பார்த்துத்தான் மீண்டும் இணைக்க வேண்டும். கிரிஃபித்துக்கு முந்தைய காலத்துக்கு 1823 முதல் 1837 வரையிலான தசமபாகக் கணக்கு ஏடுகள் (அயர்லாந்துத் திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய வரியின் கணக்கு) இருந்தாலும், அவை விவசாய நிலம் வைத்திருந்தவர்களை மட்டுமே குறிக்கின்றன. விவரமும் மிகக் குறைவு. ஆகவே குடும்பத்தின் முழு உருவத்தைக் காணப் பங்குப் பதிவேடுகளிடம் போகத்தான் வேண்டும். டவுன்லேண்டை உறுதிசெய்துகொண்டு போனால், அதே பெயர் கொண்ட நான்கு திருமுழுக்குகளில் ஊர்ப் பெயர் பொருந்துவது எது, ஞானப்பெற்றோர் நம் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர்களாக இருப்பது எது என்று கேட்க முடியும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினரோ அண்டை வீட்டாரோதான்; நில ஏட்டின் பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு படிக்கும்போது அந்தப் பெயர்கள் சாட்சிகளாக மாறுகின்றன.

மேற்குக் கவுண்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே பல பங்குகளின் பதிவேடுகள் 1820களுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன, சிலவற்றில் பெரும்பஞ்சத்துக்கும் பிறகுதான். டப்ளினிலும் கிழக்கு நகரங்களிலும் 18ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகள் இருப்பதால், பங்கு வழிக்கு அங்கே கூடுதல் வலு இருக்கிறது. நகரத்தில் வாடகைக் குடியிருப்போர் அடிக்கடி வீடு மாறினார்கள். ஒரே நிலத்தைத் தலைமுறைகளாகப் பற்றிக்கொண்டு வரும் என் முறை அவர்களுக்குப் பெரிதாக உதவாது என்றே நினைக்கிறேன். நான் தேடியது கிராமக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றை மட்டும் என்பதால், நகரத்தைப் பற்றி இதற்கு மேல் அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். சொந்த நிலமில்லாமல் கூலிக்கு உழைத்தவர்களின் குடும்பங்களுக்கும் என் முறை பெரிதாக உதவாது. மதிப்பீட்டில் வெறும் குடிசையாக மட்டும் பதிவானவர்கள் அடுத்த திருத்தத்திலேயே மறைந்துவிடுவது உண்டு. அயர்லாந்துத் திருச்சபைக் குடும்பங்களின் நிலை இதற்கு நேர்மாறானது: அவர்களுடைய பதிவேடுகளில் பாதிக்கு மேல் எரிந்துபோனதால், நில ஏடுகளின் முக்கியத்துவம் இன்னும் கூடும்.

கிரிஃபித் மதிப்பீட்டை வரைபடங்களோடு இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். திருத்த ஏடுகளைப் பொறுத்தவரை, வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளில் தேடுபவர்கள் பாக்கியசாலிகள். ஏறத்தாழ 1930 வரையிலான ஏடுகளைப் பெல்ஃபாஸ்ட்டில் உள்ள பொது ஆவண அலுவலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. குடியரசின் கவுண்டிகளுக்கு உரிய ஏடுகள் டப்ளினில், பழைய மதிப்பீட்டு அலுவலகம் 2023இல் இணைந்த டெய்ல்ட்டே ஏரன் (Tailte Éireann) என்ற அரசு அமைப்பிடம் உள்ளன. கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். கேட்கும்போது டவுன்லேண்டின் பெயரை மட்டும் கொடுத்தால் போதாது, ஏனெனில் ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் பல டவுன்லேண்டுகள் இருக்கும். அது அடங்கிய சிவில் பாரிஷ் (அரசு நிர்வாகத்துக்கான நிலப்பிரிவு), தேர்தல் பிரிவு ஆகியவற்றின் பெயர்களையும் குறிப்பிட வேண்டும். சிவில் பாரிஷின் எல்லையும் கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் ஒன்றல்ல என்பதால், திருமுழுக்குப் பதிவேட்டில் பார்த்த பங்கின் பெயரை அப்படியே எழுதி அனுப்பக் கூடாது. நகலை வண்ணத்தில்தான் கேட்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் மை நிறங்கள் மறைந்து, எந்தப் பெயர் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதே தெரியாமல் போய்விடும். கூடவே அந்த ஏட்டுக்குரிய திருத்த வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். நிலம் மறுபங்கீடு செய்யப்பட்ட டவுன்லேண்டாக இருந்தால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வயலில் பொருத்திப் பார்க்க அது இல்லாமல் முடியாது.